மூளையின் ரத்தக் கையிருப்பு



கழுத்தின் இடது பக்கத் தமனி முழுசாக அடைத்துப்போன இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஆஞ்சியோகிராம் படத்தில் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் அடைப்பு. பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டால் எந்தப் படம் யாருடையது என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் ஒருவர் காலையில் எழுந்து வயலுக்குப் போய்வருகிறார். ஒரு தொந்தரவும் இல்லை. இன்னொருவர் நாற்காலியை விட்டு எழுந்தால் வலது கை தானாக உதறுகிறது, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது. இந்த உதறலை வலிப்பு என்று எடுத்துக்கொண்டு, வலிப்பு மாத்திரைச் சீட்டோடு வருகிறவர்களைப் பார்க்கிறோம். அது வலிப்பு இல்லை. எழுந்து நிற்கும்போது மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம் அது.

அடைப்பு ஒன்றாக இருக்கும்போது ஆட்களின் நிலைமை ஏன் இப்படி வேறுபடுகிறது? இதற்கு விடை தேடித்தான் மூளை ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் வித்தை வளர்ந்தது. ரிப்போர்ட்டில் '90 சதவீத அடைப்பு' என்று ஒரு வரியைப் பார்த்ததும் குடும்பமே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த எண் குழாயைப் பற்றியது. குழாய்க்கு அப்பால் இருக்கிற மூளை என்ன பாடுபடுகிறது என்பதை அது சொல்வதில்லை.

மூளையின் எடை நம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் இதயம் இறைக்கிற ரத்தத்தில் ஏறக்குறைய 15 பங்கும், உடல் செலவழிக்கிற ஆக்சிஜனில் 20 பங்கும் அதற்கே போகிறது. சேர்த்து வைத்துக்கொள்ள மூளைக்கு இடம் கிடையாது. அன்றாடம் வந்து அன்றாடம் செலவாகிறது. ஓட்டம் மொத்தமாக நின்றால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் என்பது இயல்பான அளவு. அது 20-க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடும். 10, 12 என்று போய்விட்டால் சாகத் தொடங்கும். நடுவில் இருக்கிற அந்தக் குறுகிய இடைவெளியில்தான் பக்கவாத சிகிச்சை முழுவதும் நடக்கிறது.

நம் ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. அப்படியும் மூளைக்குள் போகிற ரத்தம் பெரிதாக மாறுவதில்லை. சராசரி அழுத்தம் ஏறத்தாழ 60-லிருந்து 150 வரை எங்கே இருந்தாலும் மூளைக்குள் இருக்கும் நுண் தமனிகள் விரிந்தும் சுருங்கியும் ஓட்டத்தைச் சமப்படுத்திவிடுகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் லாசென் 1959-இல் இதைத் தொகுத்து எழுதினார். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் வரைகிற வரைபடம் அவருடையதுதான்.

கழுத்துத் தமனி கொஞ்சம் கொஞ்சமாக அடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாற்றுப் பாதைகள் உதவிக்கு வரும். மூளையின் அடிப்பக்கத்தில் தமனிகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1664-இல் அதை விவரித்ததால் வில்லிஸ் வளையம் என்று பெயர். எதிர்ப்பக்கத்து ரத்தம் இந்த வளையத்தின் வழியாக இந்தப் பக்கம் வரும். ஆனால் எல்லோருக்கும் அந்த வளையம் முழுமையாக அமைவதில்லை. பிறவியிலேயே சிலருக்கு ஒரு கண்ணி மெலிந்திருக்கும், சிலருக்கு இல்லாமலே இருக்கும். நம் வயல்காரருக்கும் கை உதறுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

மாற்றுப் பாதை போதாதவருக்கு நுண் தமனிகள் விரிந்துகொடுக்கும். விரியும் இந்தத் திறனைத்தான் கையிருப்பு என்கிறோம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிற வரை ஓட்டத்தை அளந்தால் இயல்பாகவே காட்டும். ஆளைச் சும்மா படுக்கவைத்து ஒரு படம் எடுத்துவிட்டு, 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிவிடலாம். உண்மையில் அவருடைய நுண் தமனிகள் இதற்கு மேல் விரிய முடியாத எல்லையில் நின்றுகொண்டிருக்கும். அந்த எல்லையும் தாண்டினால்தான் ஓட்டம் குறையும். அப்போதும் திசு உடனே சாவதில்லை; வருகிற ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வழக்கமாக நூற்றுக்கு 40 பங்கு எடுக்கிற மூளை, இந்த நெருக்கடியில் 80 வரை போகும். பாசிட்ரான் (PET) ஸ்கேனில் இந்த நிலையைப் பிடித்துக் காட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த பாரோன், ஆண்டு 1981.

காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்கிறது கடைசி வயல்தான். மூளையிலும் கடைமடை உண்டு. முன் தமனி, நடுத் தமனி இரண்டின் பாசனப் பகுதிகளும் சந்திக்கிற எல்லை ஓரம் அது. கையிருப்பு தீர்ந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ-யில் அந்த எல்லையோரமாக, மணி கோத்தது போலச் சிறுசிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசையைப் பார்த்ததும் அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர் கழுத்துத் தமனியைச் சந்தேகிப்பார்.

சரி, கையிருப்பை எப்படி அளப்பது? விரியச் சொல்லிப் பார்க்க வேண்டியதுதான். மூளையின் நுண் தமனிகளை விரியவைக்கிற பொருள்களில் கரியமில வாயுவை விஞ்சியது குறைவு. ரத்தத்தில் அது கொஞ்சம் கூடினாலும் தமனிகள் விரியும், குறைந்தால் சுருங்கும். அசிட்டசோலமைடு என்ற மருந்தும் இதே வேலையைச் செய்யும். கண் அழுத்த நோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை சாப்பிட்டவர்கள் இந்த அவையில் சிலர் இருக்கலாம், அதே மருந்துதான். ஒரு கிராம் அளவை நரம்பில் ஏற்றினால், நல்ல நிலையில் உள்ள மூளையில் 15, 20 நிமிடத்துக்குள் ஓட்டம் 30 முதல் 60 சதவீதம் வரை கூடும். ஏற்கெனவே முழுசாக விரிந்து நிற்கிற பகுதியில் கூடாது. அதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. மேல்மடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மதகைத் திறந்தால் கடைமடைக்கு இருந்ததும் போய்விடும் அல்லவா? மருந்து போட்ட பிறகு, நோயுற்ற பகுதியில் ஓட்டம் முன்பைவிடக் குறைவதை நாங்கள் படத்தில் பார்ப்போம். கையிருப்பு தீர்ந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

உயிருள்ள மனிதனின் மூளைக்குள் ஓடும் ரத்தத்தை எண்ணாகச் சொல்ல முடியும் என்று முதலில் நிரூபித்தவர்கள் பிலடெல்பியாவில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும். 1945-இல் வெளியிட்டார்கள். சிரிப்பு வாயுவை லேசாகச் சுவாசிக்கவைத்து, தமனியிலிருந்தும் கழுத்து நரம்பிலிருந்தும் மாற்றி மாற்றி ரத்தம் எடுத்து, வாயு எவ்வளவு வேகமாக மூளைக்குள் இறங்குகிறது என்று கணக்கிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த சராசரி 54 மில்லி. இன்றைய இயந்திரங்கள் தருகிற எண்ணும் அதன் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடுகிறது. ஆனால் அது முழு மூளைக்கும் சேர்த்த ஒரே எண். எந்த மூலையில் குறைகிறது என்று சொல்லாது. 1960-களில் லாசெனும் ஸ்வீடனின் டேவிட் இங்வாரும் கதிரியக்க வாயுவைக் கொண்டு, மண்டைக்கு வெளியே உணரிகளை வைத்து, பகுதி பகுதியாக அளந்தார்கள். அங்கிருந்து வளர்ந்து வந்ததுதான் இன்றைய ஸ்பெக்ட் ஸ்கேன்.

ஸ்பெக்ட்டில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஒரு மருந்தோடு கட்டி ஊசியில் போடுகிறோம். அந்த மருந்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. ரத்தத்தோடு போய் மூளைத் திசுவுக்குள் நுழைந்ததும் ஒன்றிரண்டு நிமிடத்தில் உருமாறி அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதிகம் ஓட்டம் உள்ள இடத்தில் அதிகம் சிக்கும். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதனால் ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தாலும், ஊசி போட்ட அந்த நொடியில் ஓட்டம் எப்படி இருந்ததோ அதுதான் படத்தில் தெரியும்.

பரிசோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பயம் பாதி குறையும். முதல் நாள் இரவிலிருந்தே காபி, டீ வேண்டாம் என்போம். காபியில் இருக்கும் கஃபீன் மூளைத் தமனிகளைச் சுருக்கும். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தாலே கணக்கு குழம்பும். விளக்கு மங்கலான ஓர் அறையில் படுக்கவைத்து, கையில் ஊசிக் குழாயை முன்கூட்டியே பொருத்திவிட்டு, கால் மணி நேரமாவது சும்மா விட்டுவிடுவோம். பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசினால் பேச்சுக்கான பகுதியில் ஓட்டம் கூடும். ஊசி குத்தும் வலியில் வேறு பகுதியில் கூடும். எல்லாம் அடங்கிய பிறகு, அவருக்குத் தெரியாமலே குழாய் வழியாக மருந்து போகும். இது சாதாரண நிலைப் படம். இன்னொரு முறை, வழக்கமாக வேறொரு நாளில், டயமாக்ஸை மெதுவாக ஏற்றி, 15, 20 நிமிடம் கழித்து அதே கதிரியக்க மருந்தைப் போட்டு இரண்டாவது படம். டயமாக்ஸ் ஏறும்போது உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் குறுகுறுக்கும், முகம் சூடாகும், சிலருக்குத் தலை வலிக்கும். சிறுநீர் அடிக்கடி போகும் என்பதால் கேமராவுக்குக் கீழே படுக்குமுன் ஒருமுறை போய்வரச் சொல்வோம். கேமரா தலையைச் சுற்றி அரை மணி நேரம் போல மெதுவாகச் சுழலும், சத்தம் கிடையாது.

இந்த மருந்து எல்லோருக்கும் உகந்ததும் அல்ல. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், சிறுநீரகமோ கல்லீரலோ மோசமாகப் பழுதானவர்களுக்கும் போடுவதில்லை. இந்தப் பரிசோதனை மிகப் பரவலாக நடக்கிற ஜப்பானில், டயமாக்ஸ் ஊசிக்குப் பிறகு நுரையீரலில் நீர் கோத்து உயிரிழப்பு வரை போன சம்பவங்கள் பதிவாகி, மருத்துவச் சங்கங்கள் எச்சரிக்கை வெளியிட்டிருக்கின்றன. அரிதுதான். என்றாலும் விடை கிடைத்தால் சிகிச்சை மாறும் என்ற நிலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். மாஸ்டர் செக்கப் பட்டியலில் சேர்க்கிற காரியம் இல்லை.

படம் வந்ததும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணங்கள். நீலத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். வண்ணத்தைத் தருவது கணினி. அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் நீலம் பச்சையாகிவிடும். நாங்கள் பார்ப்பது இரண்டு படங்களுக்கும் நடுவில் எந்தப் பகுதி எவ்வளவு மாறியது என்பதை. அதிலும் இடறுவதற்கு இடம் உண்டு. ஸ்பெக்ட் பொதுவாக ஒரு பகுதியை இன்னொன்றோடு ஒப்பிட்டே சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கெட்டிருந்தால் வித்தியாசமே தெரியாமல் போகலாம். சிறுமூளையை அளவுகோலாக வைப்பது வழக்கம். ஆனால் பெருமூளையின் ஒரு பக்கம் அடிபட்டால் எதிர்ப்பக்கச் சிறுமூளையிலும் ஓட்டம் குறையும். அதை மறந்து அளவுகோலாக எடுத்துக்கொண்டால் கணக்கே தப்பு. சி.டி. பெர்ஃப்யூஷன், எம்.ஆர்.ஐ. பெர்ஃப்யூஷன் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. வேகமானவை, பல ஊர்களில் கிடைப்பவை. பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. பெர்ஃப்யூஷன்தான் கைகொடுக்கும். ஆனால் மருந்து கொடுத்துச் சோதிக்காமல் ஒரே ஒரு படத்தை வைத்துக் கையிருப்பைச் சொல்வது ஊகம்தான்.

இப்படிக் கண்டுபிடிப்பதால் என்ன பயன்? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், கழுத்துத் தமனி முழுசாக அடைந்து அறிகுறியும் வந்த 81 பேரைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் எழுதினார்கள். ஆக்சிஜனை அதிகமாக உறிஞ்சுகிற கடைசி நிலையில் இருந்தவர்கள் 39 பேர். அவர்களில் 12 பேருக்குப் பக்கவாதம் வந்தது. மற்ற 42 பேரில் 3 பேருக்குத்தான். இத்தாலியில் சில்வெஸ்திரினி குழுவினர், எந்த அறிகுறியும் இல்லாமல் கழுத்துத் தமனி மட்டும் குறுகியிருந்தவர்களை எளிய முறையில் சோதித்தார்கள். 30 நொடி மூச்சைப் பிடிக்கச் சொன்னால் ரத்தத்தில் கரியமில வாயு கூடும். அப்போது நெற்றிப்பொட்டில் டாப்ளர் கருவியை வைத்து மூளைத் தமனியில் வேகம் கூடுகிறதா என்று பார்ப்பது. கையிருப்பு நன்றாக இருந்தவர்களில் ஆண்டுக்கு நூற்றில் 4 பேருக்குப் பாதிப்பு. குறைந்திருந்தவர்களில் 14 பேருக்கு. கதிரியக்கம் இல்லை, ஊசி இல்லை, செலவும் குறைவு. நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் கற்றுக்கொண்டு பரவலாகச் செய்யத் தக்க பரிசோதனை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆக, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்துவிடலாம். அடுத்தபடியாக, 'அப்படியானால் புதிதாக ரத்தம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே' என்று தோன்றும். 1967-இல் ஸூரிக் நகரில் காஸி யசார்கில், காதுக்கு முன்னால் தோலுக்கடியில் துடிக்கிற தமனியை எடுத்து, மண்டையைத் திறந்து, மூளையின் நடுத் தமனிக் கிளையோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்தார். அற்புதமான அறுவை. உலகம் முழுக்கப் பரவியது. கனடாவின் ஹென்றி பார்னெட் தலைமையில் 1377 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். 1985-இல் முடிவு வந்தது. அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பக்கவாதம் குறையவில்லை.

அறுவை நிபுணர்கள் கொதித்தார்கள். கையிருப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாகக் கலந்தால் பயன் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வில்லியம் பவர்ஸ் குழுவினர் அந்தக் கேள்வியையே ஆய்வாக்கினார்கள். பாசிட்ரான் ஸ்கேனில் கடைசி நிலையில் இருப்பதாகத் தெரிந்த 195 பேர் மட்டும். 2011-இல் முடிவு: அறுவை செய்தவர்களில் 21 சதவீதத்தினருக்கும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 22.7 சதவீதத்தினருக்கும் இரண்டாண்டுக்குள் பாதிப்பு. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். புதுப் பாதை திறந்துதான் இருந்தது, ஓட்டமும் சீரானது. ஆனால் அறுவை முடிந்த முதல் 30 நாளில் மட்டும் நூற்றுக்கு 14 பேருக்குப் பக்கவாதம். மருந்துப் பக்கம் 2 பேருக்கு. சீனாவில் சி.டி. பெர்ஃப்யூஷன் கொண்டு தேர்ந்தெடுத்து, கைதேர்ந்த நிபுணர்களை வைத்து 324 பேரிடம் செய்த ஆய்வு 2023-இல் வந்தது. 8.6 சதவீதம், 12.3 சதவீதம். அறுவைப் பக்கம் எண் குறைவுதான். ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நல்ல படம் கையில் இருந்தால் செயலில் இறங்கத் தோன்றும். படம் ஆபத்தைக் காட்டும். இந்தச் சிகிச்சை அந்த ஆபத்தைக் குறைக்குமா என்பது வேறு கேள்வி, அதற்குத் தனி நிரூபணம் வேண்டும். ரத்த அழுத்த விஷயத்திலும் இதேதான் நடந்தது. கையிருப்பு இல்லாதவருக்கு அழுத்தத்தைக் குறைத்தால் கடைமடை காயும் என்று நாங்கள் எல்லோரும் பாடம் படித்தோம். பவர்ஸ் ஆய்வில் மருந்து மட்டும் எடுத்தவர்களைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது, அழுத்தம் 130/85 அளவிலோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்குத்தான் பக்கவாதம் குறைவாக வந்திருந்தது. திடீரென்று இறக்குவது ஆபத்து. நீர்ச்சத்து வற்றுவதும், வெறும் வயிற்றில் இரண்டு மூன்று பி.பி. மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பதும் ஆபத்து. ஆனால் 'மூளைக்கு ரத்தம் போதாது' என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்படியானால் இந்தப் பரிசோதனை எங்கே உண்மையில் முடிவை மாற்றுகிறது? கழுத்துத் தமனி அடைப்பைச் சுத்தம் செய்யுமுன், அல்லது ஸ்டென்ட் வைக்குமுன். கையிருப்பு தீர்ந்த மூளைக்குள் திடீரென்று ரத்தம் பாய்ந்தால், விரிந்தே பழகிய நுண் தமனிகளால் சுருங்கித் தாங்க முடியாது. கடும் தலைவலி, வலிப்பு, ரத்தக்கசிவு வரை போகும். இது யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அறுவைக்குப் பின் அவர்களுடைய அழுத்தத்தை மணிக்கு மணி கண்காணிக்கலாம். ஜப்பானின் மோரியோகா நகரத்து மருத்துவர்கள் இதைப் பல ஆண்டு உழைப்பில் நிறுவியிருக்கிறார்கள். கட்டிக்காகவோ தமனி வீக்கத்துக்காகவோ கழுத்துத் தமனியை நிரந்தரமாக மூட நேர்கிறவர்களுக்கும் இது வேண்டும். பலூனால் தற்காலிகமாக அடைத்துப் பார்க்கும் நேரத்தில் ஸ்பெக்ட் மருந்தைப் போட்டுச் சோதிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட இந்தப் பரிசோதனை அதிகப் பலன் தருவது மோயமோயா நோயில். ஜப்பானின் சுஸுகியும் தகாகுவும் 1969-இல் இந்த நோயை உலகத்துக்குத் தெரியப்படுத்தினார்கள். மூளைக்குள் நுழையும் பெரிய தமனிகள் இரண்டு பக்கமும் தாமாகவே குறுகிக்கொண்டு போக, அடியில் மெல்லிய தமனிகள் புகை கிளம்புவது போல முளைக்கும். நம் நாட்டிலும் குழந்தைகளுக்கு வருகிறது. சூடான சாதத்தை ஊதும்போது, பலூன் ஊதும்போது, தேம்பித் தேம்பி அழும்போது ஒரு கை தொங்கிப்போய் சில நிமிடத்தில் சரியாகிவிடும். பிடிவாதத்தில் செய்கிறான் என்று அடித்த பெற்றோரும் உண்டு. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு குறைந்து தமனிகள் சுருங்குகின்றன. கையிருப்பு இல்லாத பகுதி அந்த நேரத்துக்குச் செயலிழக்கிறது. டயமாக்ஸ் ஊசி காட்டுவதன் மறுபக்கத்தை அந்தக் குழந்தை அடுப்படியிலேயே காட்டிவிடுகிறது.

இந்த நோயில் யசார்கிலின் அந்த அறுவைக்கு மதிப்பு உண்டு. எந்தப் பக்கத்தை முதலில் செய்வது என்பதற்கு ஸ்பெக்ட் வழிகாட்டும்: கையிருப்பு எங்கே அதிகம் தீர்ந்திருக்கிறதோ அங்கே. சில மாதம் கழித்து இரண்டு படங்களையும் மறுபடி எடுப்போம். அறுவை செய்த பக்கம் டயமாக்ஸுக்கு ஓட்டம் கூடத் தொடங்கியிருக்கிறதா, மறுபக்கம் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த அறுவையின் தேதியைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுவோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்; ஸ்கேன் ரிப்போர்ட் கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வரலாம்.